புளிப்பு பாவத்தின் அடையாளமா? இஸ்ரவேல் ஆசாரியரின் சடங்குகளில் புளிப்பில்லா அப்பம்

"ஆசாரியரை நியமிக்கும்போதும் போஜனபலியிலும் புளிப்பில்லா அப்பம் மட்டும் ஏன்? புளிப்பு என்றால் பாவம் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். லேவியராகமமே அப்படிச் சொல்கிறதா?" என்பது கேள்வி.

சுருக்கமான பதில், சொல்லவில்லை என்பதுதான். லேவியராகமம் புளிப்பைப் பலிபீட நெருப்பிலிருந்து விலக்குகிறது, காரணத்தை ஓர் இடத்திலும் கூறவில்லை. "புளிப்பே பாவம்" என்ற விளக்கம் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. அது அழகான விளக்கம்தான், ஆனால் அதை மோசேயின் சட்டத்துக்குள் பின்னோக்கிப் புகுத்தினால் அந்தச் சட்டத்தின் பாதி வரிகள் புரியாமல் போய்விடும். ஆசாரியச் சடங்குகளை வரிசையாகப் பார்த்தால் வேறு ஒரு தர்க்கம் தெரிகிறது. அதை விளக்கவே இந்த நீண்ட பதில்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். எபிரெயத்தில் புளித்த பண்டத்துக்கு ஹாமேட்ஸ் என்று பெயர். காடியைக் குறிக்கும் ஹோமேட்ஸ் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வருவது. அந்த வேரின் பொருள் புளித்தல். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல் 'மேலே எழுப்புவது' என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்ததாகையால், ஆங்கிலம் வழியாக இதைப் படிப்பவர் மனத்தில் உப்பி எழும் மாவுதான் முதலில் தோன்றும். தமிழ் வேதாகமத்தின் "புளிப்பு" இந்த இடத்தில் மூலத்துக்கு மிக அருகில் நிற்கிறது. மாவு உயர்வது கண்ணுக்குத் தெரிவது. எபிரெயச் சொல் பிடித்துக்கொண்டதோ நாவுக்கும் மூக்குக்கும் தெரியும் மாற்றத்தை.

புளிக்கவைக்கும் பொருளுக்குத் தனிப்பெயர் உண்டு: செயோர். கடையில் பொட்டலமாக வாங்கும் ஈஸ்ட் அக்காலத்தில் இல்லை. முந்தின நாள் பிசைந்த மாவில் ஓர் உருண்டையை எடுத்து வைத்து, மறுநாள் மாவில் கலப்பார்கள். அதிலுள்ள காட்டு ஈஸ்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் புதிய மாவு முழுவதையும் புளிக்கவைக்கும். நம் வீடுகளில் உறைமோர் எப்படியோ அப்படி. இன்றைய தயிருக்குள் நேற்றைய தயிர் இருக்கிறது, அதற்குள் அதற்கு முந்தினது இருக்கிறது. இஸ்ரவேல் வீட்டில் தினமும் சுட்ட சாதாரண அப்பமும் இப்படித் தொடரும் ஒரு சங்கிலியின் கண்ணிதான். மட்சா என்னும் புளிப்பில்லா அப்பத்துக்கு அந்தச் சங்கிலி கிடையாது. மாவும் நீரும், சில வேளை எண்ணெயும் சேர்ந்து அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடிந்துவிடும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு லேவியராகமம் 2-ஆம் அதிகாரத்துக்கு வருவோம். மாவையும் அப்பத்தையும் காணிக்கையாகப் படைக்கும் போஜனபலி அங்கே பல வகையாகச் சொல்லப்படுகிறது: வேகவைக்காத மெல்லிய மாவு, தந்தூர் போன்ற அடுப்பில் சுட்டது, தட்டையான கல்லில் சுட்டது, சட்டியில் சமைத்தது. அடுப்பில் சுடுவதிலும் இரண்டு உண்டு. எண்ணெய் விட்டுப் பிசைந்த தடித்த அப்பம் ஒன்று, மேலே எண்ணெய் தடவிய மெல்லிய தகடு போன்றது மற்றொன்று. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு முதலாவதை "அதிரசம்" என்றும் இரண்டாவதை "அடை" என்றும் சொல்கிறது. வாசிப்பவர் நாவில் நீர் ஊறும் மொழிபெயர்ப்புதான். ஆனால் நம் அதிரசம் வெல்லப்பாகில் பிசைந்து, மாவை நாள்கணக்கில் ஊறவிட்டு, எண்ணெயில் பொரித்தெடுப்பது. அதே அதிகாரம் இனிப்பை நெருப்பில் இடக்கூடாது என்று விலக்குகிறது, மாவை வைத்திருப்பதையும் விரும்புவதில்லை. எனவே அந்தச் சொல்லைக் கண்டு நம் வீட்டுப் பலகாரத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது.

"மெல்லிய மாவு" என்பதற்கும் ஒரு குறிப்புத் தேவை. மூலச் சொல் சோலெத். யூத ரபீக்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஓர் உவமை வருகிறது: நல்ல சல்லடை சாதாரண மாவைக் கீழே விட்டுவிட்டுச் சோலெத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அப்படியானால் சோலெத் மேலே தங்குவது. மைதாவைவிட ரவைக்கு நெருங்கியது, கோதுமையின் உள்ளிருந்து எடுத்த சுத்தமான குருணை. எருசலேம் ஆலயத்தில், கோதுமை அறுவடைப் பண்டிகையான பெந்தெகொஸ்தேயின் அப்பங்களுக்கான மாவைப் பன்னிரண்டு சல்லடைகளிலும், தேவ சமுகத்தில் வாரந்தோறும் வைக்கும் சமுகத்தப்பத்துக்கான மாவைப் பதினொரு சல்லடைகளிலும் சலித்ததாக அதே மிஷ்னா கூறுகிறது. ஆலயம் இடிந்தது கி.பி. 70-இல், மிஷ்னா தொகுக்கப்பட்டது ஏறத்தாழ கி.பி. 200-இல். ஆகவே இவற்றை நேரடிச் சாட்சியமாக அன்றி, கவனமாகக் காக்கப்பட்ட நினைவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிசைவதைப் பற்றி அந்த நினைவு தரும் செய்திதான் எனக்கு மிகவும் பிடித்தது. போஜனபலிகள் எல்லாம் வெதுவெதுப்பான நீரில் பிசையப்பட்டன, புளித்துவிடாதபடி காத்துக்கொண்டார்கள் என்கிறது மிஷ்னா. வெதுவெதுப்பான நீர் புளிப்பை விரைவுபடுத்தும் என்பது மாவரைக்கும் எந்த வீட்டாருக்கும் தெரியும். ஆலயத்தில் இதைத் தெரிந்தேதான் செய்தார்கள்; பிசைகிறவர் கை நிற்காமல் இயங்க வேண்டும், மாவின் மீது கண் இருக்க வேண்டும், அடுப்பு தயாராகக் காத்திருக்க வேண்டும். மாவும் நீரும் சேர்ந்த கணத்திலிருந்து புளிப்பு தானாகவே தொடங்கிவிடும் என்பதால், புளிப்பில்லா அப்பம் சும்மா இருந்தால் கிடைப்பதன்று, விழிப்போடு உழைத்தால் கிடைப்பது. "புளிப்பில்லாதது" என்று எதிர்மறையாகப் பெயர் வைத்திருப்பதால் இந்த உழைப்பு நம் கண்ணில் படுவதில்லை.

அப்படிச் செய்த மாவிலோ அப்பத்திலோ ஆசாரியர் ஒரு கைப்பிடி அளவு எடுத்துப் பலிபீடத்தில் எரிப்பார். அதற்கு "ஞாபகக்குறி" என்று பெயர். எஞ்சியது முழுவதும் முதல் ஆசாரியனான ஆரோனுக்கும் அவன் குமாரருக்கும் உரியது. லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் அதை எப்படி உண்ண வேண்டும் என்றும் சொல்கிறது: பரிசுத்த இடத்தில், ஆசரிப்புக் கூடாரத்தின் பிராகாரத்தில், புளிப்பில்லாமல். அதைப் புளித்தமாவோடு சுடக்கூடாது, "எனக்கிடப்படும் தகனபலிகளிலிருந்து அவர்கள் பங்காக அதைக் கொடுத்தேன்" என்பது அங்கே தரப்படும் விளக்கம். இந்த வரியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆசாரியர் உண்பது நெருப்புக்குப் போனதன் மறுபாதி. ஒரே மாவு, ஒரே எண்ணெய். ஒரு பிடி தேவனுக்கு, மீதி ஊழியக்காரருக்கு. நெருப்பில் புளிப்பு ஏறக்கூடாது என்றால் அந்த நெருப்பின் பந்தியில் பங்குபெறுகிறவனுடைய வாயிலும் அந்த வேளையில் அது கூடாது. புளிப்பில்லா அப்பம் ஆசாரியச் சடங்கில் குறிப்பது முதலாவதாக இந்தப் பந்தி உறவைத்தான் என்பது என் கருத்து.

இந்த உறவு தொடங்கும் இடம் ஆசாரியரின் பிரதிஷ்டை. யாத்திராகமம் 29 அதைக் கட்டளையாகவும், லேவியராகமம் 8 நடந்தேறிய நிகழ்வாகவும் விவரிக்கின்றன. ஒரு காளை, இரண்டு ஆட்டுக்கடாக்கள், ஒரு கூடை. கூடைக்குள் கோதுமை மாவினால் செய்த மூன்று வகை அப்பங்கள்: வெறும் புளிப்பில்லா அப்பம், எண்ணெயில் பிசைந்தது, எண்ணெய் தடவிய மெல்லியது. இரண்டாவது ஆட்டுக்கடாவின் இரத்தம் ஆரோனுடைய வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் பூசப்படுகிறது; அவன் குமாரருக்கும் அப்படியே. அதன்பின் மோசே அந்த ஆட்டின் கொழுப்பையும் வலது முன்னந்தொடையையும் எடுத்து, கூடையிலிருந்து வகைக்கு ஒன்றாக மூன்று அப்பங்களை அவற்றின் மேல் வைத்து, எல்லாவற்றையும் ஆரோனின் உள்ளங்கைகளிலும் அவன் குமாரரின் உள்ளங்கைகளிலும் வைத்து அசைவாட்டுகிறான். பிறகு அவர்கள் கைகளிலிருந்து அவற்றை வாங்கிப் பலிபீடத்தில் எரித்துவிடுகிறான்.

இங்கே எபிரெய மரபுத்தொடர் ஒன்றைத் தெரிந்துகொள்வது அவசியம். ஒருவனை ஆசாரியனாக்குவதை அம்மொழியில் "கையை நிரப்புதல்" என்பார்கள். நாம் பிரதிஷ்டை என்று படிக்கும் மில்லுயீம் என்ற சொல்லின் நேர்ப்பொருள் நிரப்புதல்கள். அந்த ஆட்டுக்கடா "நிரப்புதலின் ஆட்டுக்கடா". இத்தொடர் எப்படிப் பிறந்தது என்ற விவாதம் தனி. ஆனால் இந்தச் சடங்கில் அது எழுத்துப்படியே நிகழ்கிறது. அந்த மனிதனின் வெறுங்கை கொழுப்பாலும் தொடையாலும் புளிப்பில்லா அப்பத்தாலும் நிரம்புகிறது, உடனே அந்தக் கை காலியாகிறது. வைத்திருப்பதற்காக எதுவும் தரப்படவில்லை, கடத்துவதற்காகத் தரப்பட்டது.

கூடையில் மீதமிருந்த அப்பத்தையோ அவர்கள் உண்ண வேண்டும், வேகவைத்த ஆட்டிறைச்சியுடன், கூடார வாசலில். வேறொருவனும் உண்ணக்கூடாது. காலைவரை மிஞ்சினால் எரித்துவிட வேண்டும். ஏழு நாள் அவர்கள் அந்த வாசலைவிட்டுப் போகக்கூடாது.

எட்டாம் நாளில் நடந்தது எல்லாருக்கும் தெரிந்த துயரம். ஆரோனின் மூத்த குமாரர் நாதாபும் அபியூவும் அந்நிய அக்கினியைக் கொண்டுவந்து மாண்டார்கள். ஆரோனும் எஞ்சிய குமாரர் இருவரும் துக்கம் காட்டக்கூடாது, வாசலைவிட்டு வெளியேறவும் கூடாது என்று உத்தரவாகிறது. அதற்குச் சில வரிகள் தள்ளி, லேவியராகமம் 10:12-இல், மோசே ஆரோனிடமும் எலெயாசாரிடமும் இத்தாமாரிடமும் சொல்கிறான்: தகனபலிகளில் மீதியான போஜனபலியை எடுத்து, பலிபீடத்தண்டையில் புளிப்பில்லாததாகப் புசியுங்கள், அது மகா பரிசுத்தமானது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன் அன்றே உட்கார்ந்து அந்த அப்பத்தை மென்று விழுங்க வேண்டியிருந்தது. அதே நாளில் பாவநிவாரண பலியின் இறைச்சியை அவர்கள் உண்ணாமல் எரித்துவிட்டதும், மோசே கோபித்ததும், "இப்படியெல்லாம் எனக்கு நேரிட்டிருக்க இன்று நான் அதைப் புசித்திருந்தால் கர்த்தருக்கு நன்றாயிருக்குமோ" என்ற பொருளில் ஆரோன் கேட்டதும், மோசே அதற்கு இணங்கியதும் அந்த அதிகாரத்தின் முடிவு. புளிப்பில்லா அப்பத்தை மகிழ்ச்சியான விடுதலையின் சின்னமாக மட்டுமே அறிந்தவர்கள் இந்தக் காட்சியையும் ஒருமுறை படிக்க வேண்டும். ஆசாரியனுக்கு அது பதவியின் சலுகையாகவும் தப்பிக்க முடியாத கடமையாகவும் ஒருசேர இருந்தது.

ஒருவன் தன்னைத் தேவனுக்கென்று சில காலம் பிரித்துவைக்கும் நசரேய விரதத்தின் முடிவிலும் இந்தக் கூடை வருகிறது (எண்ணாகமம் 6). விரதம் முடித்தவனின் தலைமயிர் சிரைக்கப்பட்டபின், வேகவைத்த முன்னந்தொடையையும் ஓர் அப்பத்தையும் ஒரு மெல்லிய அடையையும் ஆசாரியன் அவன் உள்ளங்கையில் வைக்கிறான். ஆசாரியன் அல்லாத ஒருவன் தன் கையில் ஏறக்குறைய ஆசாரியனைப் போல இதை வாங்கும் அரிய வேளை அது. விரத காலத்தில் அவனுக்கு விலக்கப்பட்டவற்றில் திராட்சரசக் காடி, அதாவது ஹோமேட்ஸ், ஒன்று என்பதையும் கவனிக்கலாம். புளித்த அப்பம் அவனுக்கு விலக்கப்படவில்லை, ஆகவே இந்த ஒற்றுமையைக் கொண்டு பெரிதாக எதுவும் நிறுவ முடியாது.

இனிக் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருவோம். புளிப்பு பாவத்தின் சின்னம் என்றால் அதை ஆலய வாசலிலேயே தடுத்திருக்க வேண்டும். நடந்தது அப்படியன்று. நன்றிக் காணிக்கையான ஸ்தோத்திரபலியைச் செலுத்துகிறவன் மூன்று வகைப் புளிப்பில்லா அப்பங்களுடன் புளித்த அப்பத்தையும் கொண்டுவர வேண்டும் என்கிறது லேவியராகமம் 7:13. மிஷ்னாவின் கணக்குப்படி மொத்தம் 40 அப்பங்கள், வகைக்குப் பத்து. மாவு மட்டும் இரு பக்கமும் சரிசமம்: புளிப்பில்லாத முப்பதுக்குப் பத்துப் படி என்றால் புளித்த பத்துக்கும் பத்துப் படி. எனவே புளித்த அப்பம் ஒவ்வொன்றும் மற்றதைவிட மூன்று மடங்கு பெரியது. (இங்கே படி என்று நான் சொல்வது எப்பா என்னும் எபிரெய அளவின் பத்தில் ஒரு பங்கு, சுமார் இரண்டு லிட்டர்.) வகைக்கு ஒன்றாக நான்கு அப்பங்கள், புளித்தது உட்பட, இரத்தத்தைத் தெளித்த ஆசாரியனுக்குச் சேரும்.

பெந்தெகொஸ்தே நாளிலோ இன்னும் வெளிப்படை. புதிய கோதுமையில் இரண்டு அப்பங்கள், "புளித்தமாவினால் சுடப்பட்டு", கர்த்தருக்கு முதற்பலனாகக் கொண்டுவரப்பட வேண்டும் (லேவியராகமம் 23:17). அவை ஆட்டுக்குட்டிகளோடு அசைவாட்டப்படுகின்றன, ஆசாரியருக்குப் போகின்றன. பலிபீடத்தின் மேல் மட்டும் ஏறுவதில்லை. 2-ஆம் அதிகாரமும் இதையேதான் சொல்கிறது: புளித்தமாவையும் தேனையும் முதற்பலனாகக் கொண்டுவரலாம், ஆனால் சுகந்த வாசனையாகப் பலிபீடத்தில் ஏற்றக்கூடாது. ஆக, விலக்கு பொருளின் மீது இல்லை, நெருப்பின் மீது இருக்கிறது. வயலில் விளைந்ததற்கு நன்றி சொல்ல வருகிறவன் தான் தினமும் உண்ணும் அப்பத்தையே கொண்டுவருகிறான். அதை ஏற்றுக்கொள்ளப் பரிசுத்த ஸ்தலத்துக்குத் தடையில்லை. அதை எரிக்கத்தான் தடை.

கி.மு. எட்டாம் நூற்றாண்டுத் தீர்க்கதரிசி ஆமோஸ், வடதேசத்து வழிபாட்டுத் தலங்களான பெத்தேலையும் கில்காலையும் பரிகாசம் செய்யும்போது, "புளித்த மாவுள்ள ஸ்தோத்திரபலியோடு தூபங்காட்டுங்கள்" என்கிறார் (4:5). அங்கே வடதேசத்தில் புளித்ததை எரிக்கும் வழக்கமே இருந்ததா, அல்லது அது தீர்க்கதரிசியின் கிண்டல் மிகைப்படுத்தலா என்று இரு விதமாகவும் படிக்கிறார்கள். அவருடைய கோபம் அப்பத்தின் மீது இல்லை, ஏழையை நசுக்கிவிட்டுத் தாராளமாகக் காணிக்கை அறிவிக்கிறவர்கள் மீது.

புளித்தலே தீட்டு என்று சொல்லவும் முடியாது. திராட்சரசம் நொதித்த பானம். அது தினமும் பானபலியாக வார்க்கப்பட்டது. வார்க்கலாம், எரிக்கக்கூடாது என்ற வேறுபாட்டை இங்கேயும் காண்கிறோம்.

அப்படியானால் நெருப்புக்கும் புளிப்புக்கும் என்ன பகை? சட்டம் வாய் திறக்காத இடத்தில் நாம் ஊகிக்கத்தான் வேண்டும். எனக்கு மூன்று சிறு தடயங்கள் போதுமானவையாகத் தோன்றுகின்றன. யாத்திராகமம் 23:18 பலியின் இரத்தத்தைப் புளித்த அப்பத்தோடு செலுத்தாதே என்கிறது, அதே மூச்சில் கொழுப்பை விடியுமட்டும் வைக்காதே என்றும் சொல்கிறது. அடுத்தது, லேவியராகமம் 2-இல் புளிப்பை விலக்கிய கையோடு வரும் கட்டளை, எல்லாக் காணிக்கையிலும் உப்பிடு என்பது. அதை "உடன்படிக்கையின் உப்பு" என்று அழைக்கிறது. மூன்றாவது, பிரதிஷ்டையின் அப்பமும் இறைச்சியும் காலைவரை மிஞ்சக்கூடாது என்ற விதி. புளிப்பு மாற்றும், உப்பு மாறாமல் காக்கும், இரவு கடந்தது கெடத் தொடங்கும். பலிபீடத்தில் ஏறுவது மாற்றம் நடந்துகொண்டிருக்கும் பொருளாக இருக்கக்கூடாது, முழுமையாகவும் நிலையாகவும் இருக்க வேண்டும் என்பதே மூன்றிலும் ஓடும் இழை. புளிப்பைச் சிதைவின் தொடக்கமாகவும், அதனால் மரணத்தின் சாயலாகவும், பலிபீடத்தை உயிரின் இடமாகவும் காணும் இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்களின் கருத்து இதற்கு அருகில்தான் வருகிறது. நான் மரணம் வரை போகத் தயங்குகிறேன். பெந்தெகொஸ்தே அப்பத்தை மரணத்தின் சாயலாகப் படிக்க மனம் ஒப்பவில்லை. காலத்தின் கைபட்டது என்று சொன்னால் போதும்.

சமுகத்தப்பம் இதைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம். பொன் மேசையில் பன்னிரண்டு அப்பங்கள், ஒவ்வொன்றிலும் எப்பாவின் பத்தில் இரண்டு பங்கு மாவு, மேலே தூபவர்க்கம். ஓய்வுநாள்தோறும் பழையதை எடுத்துப் புதியதை வைப்பார்கள். எடுத்ததை ஆசாரியர் பரிசுத்த இடத்தில் உண்பார்கள். லேவியராகமம் 24 இதைப் புளிப்பில்லாதது என்று சொல்லவில்லை. ஆனால் ஆலயம் நின்ற காலத்தில் வாழ்ந்த ஆசாரியக் குடும்பத்து வரலாற்றாசிரியர் யோசேபஸ் புளிப்பில்லாதது என்றே எழுதுகிறார், மிஷ்னாவும் உடன்படுகிறது. சுட்ட நாளிலிருந்து எண்ணினால் ஒன்பதாம் நாளுக்கு முன் அது உண்ணப்பட்டதில்லை என்றும் மிஷ்னா கணக்கிடுகிறது. இஸ்ரவேல் நாட்டின் கோடையில் ஒன்பது நாள் வைத்த புளித்த ரொட்டி என்ன ஆகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. பிற்கால ரபீக்களோ இன்னும் ஒரு படி மேலே போய், அந்த அப்பம் எடுக்கும்போதும் வைத்தபோது இருந்த சூட்டோடு இருந்தது என்று அற்புதம் பேசினார்கள். நோப் என்னும் ஊரில் தாவீது ஆசாரியன் அகிமெலேக்கிடம் அப்பம் கேட்ட கதையில் "சூடான அப்பம்" என்ற சொல் வருவதே அதற்குத் தூண்டுகோல். அற்புதத்தை நம்புவதும் விடுவதும் வாசகர் விருப்பம். அந்தக் கதையின் ஆசை என்ன என்பதுதான் நமக்கு முக்கியம்: தேவ சமுகத்தில் ஒரு வாரம் இருந்த அப்பத்தின் மீது ஒரு வாரம் கடந்த தடமே இருக்கக்கூடாது.

பாவம் என்ற பொருள் பிறகு எப்படி வந்தது? கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா யூதரான ஃபிலோ, மாவு உப்புவதை ஆணவத்தின் உருவமாக விளக்கினார். நெருப்பருகே வருகிறவன் தன்னை ஊதிப் பெருக்கிக்கொள்ளக்கூடாது என்பது அவருடைய பாடம். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது துர்க்குணமும் பொல்லாப்புமாகிய பழைய புளித்தமாவைப் புறம்பாக்கச் சொன்னார். அவர் அப்போது நினைத்தது எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்காவை. மிஷ்னாவின் விரிவுரையான தல்மூதில் ஒரு ரபீ, உம் சித்தத்தைச் செய்ய விடாமல் எங்களைத் தடுப்பது "மாவிலுள்ள புளிப்பு" என்று ஜெபிக்கிறார். தீய நாட்டத்தையே அப்படிக் குறிக்கிறார். இயேசு பரிசேயரின் புளித்தமாவைக் குறித்து எச்சரித்தவர்தாம், ஆனால் பரலோக ராஜ்யத்தையே மூன்று படி மாவில் ஒரு பெண் அடக்கிவைத்த புளித்தமாவுக்கு ஒப்பிட்டவரும் அவர்தாம். ஆகவே புதிய ஏற்பாட்டிலும் புளிப்புக்கு ஒரே பொருள் கிடையாது. இஸ்ரவேலுக்கு வெளியேயும் இந்த எண்ணம் இருந்தது: ரோமில் ஜூபிடரின் தலைமைப் பூசாரி புளித்த மாவைத் தொடக்கூடாது. ஏன் என்று கேட்டுக்கொண்ட கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், புளிப்பு தானும் கெட்டதிலிருந்து பிறந்து, கலந்த மாவையும் கெடுக்கிறது என்று காரணம் சொன்னார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் வேறு வழியில் சென்றார்: விக்கிரக ஆராதனைக்காரர்கள் புளித்த அப்பத்தையே படைத்தார்கள், தேன் பூசினார்கள், உப்பிடவில்லை, அவர்களைப் போல இருக்காதே என்பதற்காகவே இந்த மூன்று கட்டளைகளும் என்றார். அவருடைய வரலாற்றுத் தகவல் எவ்வளவு உறுதியானது என்பது வேறு பேச்சு, ஆனால் புளிப்பையும் தேனையும் உப்பையும் சேர்த்தே விளக்க வேண்டும் என்று அவர் கண்டது சரி.

பஸ்காவையும் தொட்டுவிடுகிறேன், கேள்வியில் இல்லாவிட்டாலும் அது எல்லார் மனத்திலும் இருக்கும். அவசரமாகப் புறப்பட்டதால் மாவு புளிக்கவில்லை என்ற காரணம் யாத்திராகமம் 12-இன் இறுதியில் வருகிறது. உபாகமம் அதைச் "சிறுமையின் அப்பம்" என்கிறது. ஆனால் அதே 12-ஆம் அதிகாரத்தின் 8-ஆம் வசனத்தில், புறப்படுவதற்கு முன்பே, புளிப்பில்லா அப்பத்தைக் கசப்பான கீரையோடு உண்ணும்படி கட்டளை வந்துவிட்டது. அவசரம் மட்டுமே காரணம் என்றால் இந்த வரிசை பொருந்தாது. புளிப்பில்லா அப்பம் எகிப்தைவிடப் பழைய வழக்கத்தின் நினைவையும் சுமக்கிறது. லோத்து எதிர்பாராமல் வந்த விருந்தினருக்கு அதைத்தான் சுட்டான். எந்தோர் ஊரின் பெண் சவுலுக்காகச் சுட்டதும் அதுவே. கிதியோன் ஓர் எப்பா மாவில் செய்து கர்வாலி மரத்தடிக்குக் கொண்டுவந்தான். வந்தவர் கோல் நுனியால் தொட்டதும் கன்மலையிலிருந்து எழுந்த நெருப்பு இறைச்சியையும் அப்பங்களையும் பட்சித்தது, விருந்து பலியாயிற்று. வாசலில் நிற்கும் விருந்தினருக்கு மாவு புளிக்கும்வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. தேவனை அப்படி வந்திருப்பவராகக் கருதிப் படைக்கும் அப்பம் என்று போஜனபலியைப் படித்தால், வெதுவெதுப்பான நீரும் கண்ணிமைக்காத காவலும் கூடுதல் பொருள் பெறுகின்றன. பஸ்காவில் ஏழு நாள், ஆசாரியப் பிரதிஷ்டையில் ஏழு நாள் என்ற ஒற்றுமையும் தற்செயலாகத் தோன்றவில்லை. ஆசாரிய ராஜ்யமாக அழைக்கப்பட்ட ஜனம் ஆண்டுக்கு ஒரு வாரம் ஆசாரியரின் அப்பத்தை உண்கிறது. இது என் வாசிப்பு, வசனம் இதைச் சொல்லவில்லை.

இந்த அப்பம் ஆசாரியனின் அடையாளமாகவே ஆகிவிட்டதற்கு 2 இராஜாக்கள் 23:9 சான்று. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் யூதாவின் அரசன் யோசியா எருசலேமுக்கு வெளியேயிருந்த வழிபாட்டு மேடைகளை இடித்தபோது, அவற்றில் ஊழியம் செய்த ஆசாரியர் எருசலேமின் பலிபீடத்துக்கு வர அனுமதிக்கப்படவில்லை. ஆயினும் தங்கள் சகோதரருக்குள்ளே புளிப்பில்லா அப்பங்களைப் புசித்தார்கள். நெருப்பருகே போகும் உரிமையை இழந்தார்கள், குலத்தின் பங்கை இழக்கவில்லை என்பதை அந்த ஒரு வரியில் நூலாசிரியர் அப்பத்தைக் கொண்டே சொல்லிவிட்டார்.

எருசலேமில் புளித்த அப்பத்துக்கு ஆலயத்துக்குள்ளேயே எவ்வளவு இடமிருந்தது என்பதற்கு மிஷ்னாவின் பஸ்கா பகுதியில் ஒரு காட்சி உண்டு. பஸ்கா தொடங்கும் நாளான நிசான் மாதம் 14-ஆம் நாள் காலையில், பயன்படாமற்போன இரண்டு ஸ்தோத்திரபலி அப்பங்களை, புளித்தவற்றை, ஆலய மண்டபக் கூரையின்மேல் எல்லாரும் காணும்படி வைப்பார்கள். இரண்டும் அங்கே இருக்கும்வரை ஊர் முழுவதும் புளித்ததை உண்ணலாம். ஒன்றை எடுத்துவிட்டால் உண்ணவும் கூடாது, எரிக்கவும் வேண்டாம். இரண்டாவதையும் எடுத்தவுடன் வீட்டுக்கு வீடு அடுப்பை மூட்டி, மிச்சமிருந்த புளிப்பையெல்லாம் நெருப்பில் போடத் தொடங்குவார்கள்.